வாசகர் கேள்வி-பதில்: பேரை அப்புறம் படிங்க, முதல்ல ஓட்டையைப் பாருங்க

போன இதழ்ல த்சுபா பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தோம். ஜப்பான் வாள்ல பிடிக்கும் அலகுக்கும் நடுவுல, கை வழுக்கி அலகு மேல போயிடாம காக்குற அந்தத் தட்டையான உலோகத் தகடுதான் த்சுபா. அது வந்ததுல இருந்து இன்பாக்ஸ் நிரம்பி வழியுது. பாதிப்பேர் ஒரு மங்கலான போட்டோவை அனுப்பி "ஒரிஜினலா டூப்ளிகேட்டா"ன்னு ஒத்தை வரில கேட்டிருக்கீங்க. அப்படிக் கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது, ஆனா மத்த பாதிப்பேர் நல்லாவே கேட்டிருக்கீங்க. அதுல பொதுவா எல்லாருக்கும் பயன்படுறதா எடுத்துப் போட்டிருக்கேன்.

கேள்வி: கியோட்டோ போனப்ப ஒரு பழம்பொருள் சந்தைல இரும்பு த்சுபா ஒண்ணு வாங்கினேன் சார். வட்டமா இருக்கு, உள்ள கொக்கு உருவம் வெட்டி எடுத்திருக்காங்க. 400 வருஷம் பழசுன்னு கடைக்காரர் அடிச்சு சொன்னார். இது நிஜமாவே அடிச்சு செஞ்சதா, அச்சுல வார்த்ததான்னு நானே வீட்ல பார்த்து கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முழுசா முடியாது, ஆனா பாதிக்கு மேல முடியும். 10 மடங்கு பெருசாக்கிக் காட்டுற ஒரு லூப் (சின்ன உருப்பெருக்கி லென்ஸ்), பக்கவாட்டுல இருந்து அடிக்கிற ஒரு டார்ச், கொஞ்சம் பொறுமை, இது போதும். கொக்கைப் பார்க்காதீங்க. எல்லாரும் முதல்ல கொக்கைத்தான் பார்ப்பாங்க, அதனால போலி செய்றவனும் கொக்குக்குத்தான் மெனக்கெடுவான். நீங்க நடுவுல இருக்குற ஓட்டைக்கு வாங்க.

அலகோட அடிப்பகுதி நுழையற ஓட்டை அது, நாககோ-அனான்னு சொல்வாங்க. ஒரு பக்கம் அகலமா, மறுபக்கம் கூர்மையா ஆப்பு மாதிரி இருக்கணும், ஏன்னா அலகுக்கே முதுகு தடிமன், வெட்டு முனை மெலிசு. அலங்காரத்துக்கு செவுத்துல மாட்டுற மலிவு வாள்ல இது நீள்சதுரமாவோ முட்டை வடிவமாவோ இருக்கும், அங்கயே கதை முடிஞ்சிடும். ஆப்பு வடிவமா இருந்தா அடுத்தது, அந்த ஓட்டையோட உள்சுவர். வாள்ல நிஜமா பொருத்தின த்சுபான்னா உள்ள அரம் போட்ட கோடு தெரியும், மேல கீழ முனைகள்ல செம்புத்துண்டு சொருகி இருக்கலாம். அதுக்கு செகிகானேன்னு பேரு, அலகு ஆடாம இறுக்கமா நிக்கறதுக்காக வைக்கிறது. ஓட்டையைச் சுத்தி உளியால குத்தின தடங்கள் இருந்தா அதுவும் அதே காரணத்துக்குத்தான், குத்தும்போது உலோகம் உள்பக்கமா நகர்ந்து ஓட்டை கொஞ்சம் சின்னதாகும். ஒரு த்சுபா ஒரே வாள்லயே ஆயுசு முழுக்க இருக்கறதில்ல, ஒரு வாள்ல இருந்து கழட்டி இன்னொண்ணுல மாட்டுவாங்க, ஒவ்வொரு தடவையும் இந்த ஓட்டைதான் அடி வாங்கும். அதனால இந்த இடத்துல அதோட வாழ்க்கையே பதிவாகி இருக்கும். ஓட்டையைச் சுத்தி நீள்வட்டமா ஒரு இடம் இருக்கு பாருங்க, செப்பா-டாய்னு சொல்றது, செப்பாங்குற மெல்லிய வாஷர் உட்கார்ற இடம். அங்க நிறமும் வழவழப்பும் மத்த இடத்துல இருந்து லேசா மாறி இருக்கணும். இந்த எந்தத் தடயமும் இல்லாட்டி உடனே போலின்னு முடிவு பண்ணிடாதீங்க, பரிசா குடுக்கச் செஞ்சு கடைசி வரைக்கும் வாள்ல ஏறாத நல்ல த்சுபாக்களும் இருக்கு. ஆனா 400 வருஷம் பயன்பட்டதுன்னு கடைக்காரர் சொல்ற கதைக்கும் சுத்தமா இருக்குற ஓட்டைக்கும் ஒத்து வராது.

இப்ப கொக்குக்கு வரலாம். உருவத்தைப் பார்க்காதீங்க, வெட்டின இடத்தோட சுவரைப் பாருங்க. கையால செஞ்சதுன்னா துளை போட்டு, அறுத்து, அரம் போட்டு எடுத்திருப்பாங்க, அதனால சுவர் நேரா இறங்கும், மூலைகள் கூர்மையா இருக்கும், லூப்ல மெல்லிய இழை இழையா அரத்தோட கோடு தெரியலாம். வார்ப்புன்னா மூலையெல்லாம் கரைஞ்ச சோப்பு மாதிரி உருண்டிருக்கும், சுவர் லேசா சரிவா இறங்கும், ஏன்னா அச்சுல இருந்து உருவி எடுக்கணுமே. மேற்பரப்புல குட்டிக் குழிகள் உருண்டையா, ஓரம் சுத்தமா இருந்தா அது காத்துக்குமிழி. துரு தின்ன குழி கோணல்மாணலா ஓரம் கிழிஞ்ச மாதிரிதான் இருக்கும். கடைசியா விளிம்பைச் சுத்தி ஒரு ரவுண்டு டார்ச் அடிங்க. சுத்தி முழுக்க ஒரே நேர்க்கோடா மெல்லிய வரி ஓடினா அது அச்சோட ரெண்டு பாதி சேர்ந்த இடம். அடிச்ச இரும்புல வர்ற வரி அப்படி இருக்காது, மடிச்சு மடிச்சு அடிச்ச அடுக்குகள் அங்கங்க லேசா பிரிஞ்சு, விட்டு விட்டுத் தெரியும். சில பழைய பாணிகள்ல, முக்கியமா ஓவாரி, கானயாமா வகைல, விளிம்புல கட்டி கட்டியா கடினமான புடைப்பு இருக்கும், தெக்கோட்சுன்னு சொல்வாங்க. சேகரிப்பாளர்கள் அதைப் பார்த்தா குஷியாகிடுவாங்க.

நூல்ல தொங்கவிட்டு தட்டிப்பார்த்தா அடிச்ச இரும்பு கணீர்னு கேக்கும், வார்ப்பு மொத்துன்னு கேக்கும்னு சொல்றது உண்மைதான், ஆனா அதை மட்டும் நம்பி காசு போடாதீங்க, நிறைய வெட்டு வேலை இருக்குற த்சுபா அடிச்சு செஞ்சதா இருந்தாலும் சத்தம் மங்கலாதான் வரும்.

கேள்வி: என்கிட்ட இருக்குற த்சுபால காந்தம் ஒட்டவே இல்ல. அப்ப போலியா?

பதில்: இல்லவே இல்ல. இரும்பு ஒரு வகைதான், செம்புக் கலவைல செஞ்சதும் நிறைய இருக்கு. ஷாகுடோன்னு ஒண்ணு இருக்கு, செம்புல சில சதவீதம் தங்கம் கலந்தது. அப்படியே பார்த்தா சாதா செம்பு மாதிரி செவப்பா இருக்கும், ஆனா ரொகுஷோங்குற செம்பு உப்புக் கரைசல்ல கொதிக்க வைக்கும்போது நீலம் ஓடுற கருப்பா மாறும். கரைசல்ல விடறதுக்கு முன்னாடி துருவின ஜப்பான் முள்ளங்கிச் சாறுல முக்கி எடுப்பாங்க, நிறம் சீரா பிடிக்கறதுக்கு. வெள்ளி கலந்த ஷிபுஇச்சி சாம்பல் நிறம். செந்தோகுன்னா பித்தளை வகை.

கருப்பா இருக்குறது ஷாகுடோவா வெறும் பெயின்ட்டான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. நீங்களா சுரண்டாதீங்க, ஏற்கெனவே தேய்ஞ்சு போன மேடான இடத்தைத் தேடுங்க. அங்க செம்பு நிறம் எட்டிப்பார்த்தா நம்பிக்கை வைக்கலாம், மஞ்சளா பித்தளை தெரிஞ்சா கருப்பு மேல பூசினது, வெள்ளையா பளிச்சுன்னு தெரிஞ்சா பெரும்பாலும் மலிவு துத்தநாகக் கலவை. அருங்காட்சியகங்கள்ல எக்ஸ்-ரே கருவி வச்சு ஒரு கீறல்கூட போடாம தங்கம் எத்தனை சதவீதம்னு சொல்லிடுவாங்க, நமக்கு அந்த வசதி இல்லாததால லூப்தான் கதி.

இன்னொண்ணு, ஷாகுடோ மேல பொடிப்பொடியா மணி மணியா பரப்பி இருந்தா அது நானாகோ. ஒவ்வொரு மணியும் குழிவான முனை உள்ள உளியால ஒத்தை அடில எழுப்பினது, வரிசை பிசகாம. நல்ல வேலைல மணிகள் தனித்தனியா, நடுவுல கூர்மையான பள்ளத்தோட நிக்கும். வார்ப்புல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மொழுக்குன்னு இருக்கும்.

கேள்வி: மொபைல் ஆப்ல கையெழுத்தைக் காட்டினேன், ஹிகோனே ஊர் சோதென்னு வந்துச்சு. நெட்ல தேடினா பெரிய மாஸ்டர்னு போட்டிருக்கு. ஜாக்பாட்டா சார்?

பதில்: உங்க சந்தோஷத்துல மண்ணைப் போடறதுக்கு மன்னிச்சிடுங்க. உலகத்துலயே அதிகமா போலியா வெட்டப்பட்ட கையெழுத்துகள்ல சோதென் ஒண்ணு. பீவா ஏரிக்கரைல இருக்குற ஹிகோனே ஊர்ல, இரும்பை ரெண்டு பக்கமும் உருவமா செதுக்கி, சீனத்து வீரர்கள், ஞானிகள், பைன் மரம்னு நெரிசலா அடைச்சு, முகத்துக்கும் கைக்கும் தங்கம் வெள்ளி பதிச்சு ஒரு பாணி உருவாச்சு. அது அமோகமா வித்துச்சு, உடனே வேற ஊர்க் கைவினைஞர்களும் அதே பாணில செஞ்சு "கோஷூ ஹிகோனே ஜூ, மொகராஷி நியூதோ சோதென் செய்"னு (கோஷூ பகுதி ஹிகோனேல வசிக்கிற மொகராஷி நியூதோ சோதென் செஞ்சதுன்னு அர்த்தம்) முழுப்பேரையும் வெட்டித் தள்ளினாங்க. பேர் எவ்வளவு நீளமா தெளிவா இருக்கோ அவ்வளவு சந்தேகப்படலாம்னு சேகரிப்பாளர்கள் கிண்டலே பண்ணுவாங்க.

இதே கதைதான் நோபுஇயே, கானேஇயே, மெய்ஜி காலத்து (1868–1912) கானோ நத்சுஓன்னு பேர் போன மத்த கைவினைஞர்கள் எல்லாருக்கும். நத்சுஓ (1828–1898) சாதாரண ஆள் இல்ல, மெய்ஜி அரசாங்கம் புது நாணயம் அடிக்க ஆரம்பிச்சப்ப அச்சுக்கு வடிவம் செதுக்கினவர், அவ்வளவு பேர் இருக்குறவர் கையெழுத்தை எவன் சும்மா விடுவான். இதுல எல்லாமே ஏமாத்து வேலையும் இல்ல. குருவுக்கு மரியாதையா அவர் பாணில செஞ்சு அவர் பேரையே போட்டதும் உண்டு, வாங்கினவர் கேட்டதுக்காகப் போட்டதும் உண்டு, பேர் இல்லாத பழைய நல்ல த்சுபால விலை ஏத்தறதுக்காக பின்னாடி எவனோ வெட்டினதும் உண்டு. இந்த மூணாவது வகைதான் எனக்கு வயித்தெரிச்சல், ஏன்னா பேரே இல்லாம இருந்திருந்தா அது மரியாதையா இருந்திருக்கும். பழைய காலத்து இரும்பு த்சுபாக்கள்ல பெரும்பாலானதுல கையெழுத்தே கிடையாது, அது ஒரு குறையே இல்ல.

இப்ப உங்க த்சுபாவை எடுத்து லூப்ல வச்சு எழுத்துக்குள்ள பாருங்க. இரும்புல உளியால வெட்டின கோடு ஒரே இழுப்புல வராது, குட்டி குட்டி ஆப்பு வெட்டுகள் வரிசையா சேர்ந்துதான் ஒரு கோடு, ஓரத்துல உலோகம் லேசா மேடு தட்டி இருக்கும். வார்ப்புல வந்த எழுத்துல பள்ளம் உருண்டையா மேடே இல்லாம இருக்கும். அடுத்து, எழுத்துக்குள்ள இருக்குற கருப்பும் வெளில இருக்குற கருப்பும் ஒண்ணா இருக்கா? தகடு தேய்ஞ்சு வழவழன்னு இருக்கும்போது எழுத்து மட்டும் நேத்து வெட்டின மாதிரி கூர்மையா நின்னா ரெண்டும் ஒரே நாள்ல பொறந்தது இல்ல. அப்புறம் நான் மேல சொன்ன குத்துத் தடங்கள் இருக்கே, அது எழுத்து மேல விழுந்திருக்கா இல்ல எழுத்து அதுக்கு இடம் விட்டு ஒதுங்கி ஒதுங்கி போகுதா? குத்து எழுத்தை நசுக்கி இருந்தா எழுத்து முந்தி, வாள்ல மாட்டினது பிந்தி. எழுத்து குத்தைச் சுத்தி வளைஞ்சு போனா பின்னாடி வந்தவன் கைவரிசை.

இதையெல்லாம் தாண்டினதுக்கு அப்புறம்தான் நிஜ சோதென் கையெழுத்தோட ஒப்பிடற வேலை. பாஸ்டன் மியூசியம் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், ஆக்ஸ்ஃபோர்ட் ஆஷ்மோலியன், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் எல்லாத்துலயும் த்சுபா தொகுப்பு இருக்கு, நிறைய போட்டோ ஆன்லைன்லயே பார்க்கலாம். இவ்வளவு எப்படி வெளிநாட்டுக்குப் போச்சுன்னா, 1876ல மெய்ஜி அரசாங்கம் பொது இடத்துல வாள் கட்டக்கூடாதுன்னு ஆணை போட்டுச்சு, ஒரே நாள்ல வாளுக்கு வேலை இல்லாம போச்சு, த்சுபாக்களைக் கழட்டி மூட்டை மூட்டையா வித்தாங்க. வேலை இழந்த கைவினைஞர்கள் வெளிநாட்டுக்காரங்களுக்குன்னே பளபளன்னு புதுசா செஞ்சும் வித்தாங்க. அதனால "என் கொள்ளுத்தாத்தா 1890ல வாங்கினது"ங்குறது உண்மையாவே இருந்தாலும் அது சாமுராய் இடுப்புல இருந்ததுக்கு சாட்சி ஆகாது.

கேள்வி: துரு பிடிச்சிருந்துச்சு, வினிகர்ல ஊற வச்சு கம்பி பிரஷ் போட்டேன், இப்ப ஸ்டீல் மாதிரி மின்னுது. நல்லா வந்திருக்கு இல்ல?

பதில்: ஐயோ. மேல இருந்த அந்த கரும்பழுப்புப் படலம்தான் அதோட உயிர். கைவினைஞரே அந்த நிறத்தைக் கொண்டு வர மெனக்கெட்டிருப்பார், அது மேல ரெண்டு மூணு நூத்தாண்டு கை பட்டுப் பட்டு வர்ற வழவழப்பை எந்தக் கெமிக்கலும் திருப்பித் தராது. நடந்தது நடந்து போச்சு, இப்ப தண்ணி அமிலம் எதுவும் உள்ள தங்காம நல்லா காய வச்சு, அப்படியே விட்டுடுங்க. கடையில விக்கிற கருப்பாக்குற திரவத்தை மட்டும் பூசிடாதீங்க, அப்புறம் சரி பண்றவங்களுக்கும் கஷ்டம்.

மத்தவங்களுக்கு சொல்றேன், கருப்பா கெட்டியா இருக்குறது நல்ல துரு, அதைத் தொடக்கூடாது. தொட்டா விரல்ல ஆரஞ்சுப் பொடி ஒட்டினா மட்டும்தான் கவலைப்படணும். அதுக்கு ஜப்பான்ல பழக்கமான வழி மான் கொம்பு இல்ல எலும்புத் துண்டைக் கூராக்கி அந்தச் செந்துருவை மட்டும் மெதுவா சுரண்டறது, இரும்பை விட அது மெது, அதனால கீறாது. அப்புறம் பருத்தித் துணியால தேய்க்கறது, தினமும், வாரக்கணக்குல. டிவி பார்த்துக்கிட்டே செய்யலாம். செம்புக் கலவை த்சுபாக்களுக்கு இதெல்லாம் கூடவே கூடாது, அதோட நிறம் ரொம்ப மெல்லிய படலம், பாலீஷ் போட்டீங்கன்னா ஒரு நிமிஷத்துல போயிடும். கைல எடுக்கும்போது விளிம்பைப் பிடிங்க, முகத்துல விரல் வைக்காதீங்க.

கேள்வி: நடு ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் இருக்குற சின்ன ஓட்டைகள்ல ஒண்ணு ஏதோ உலோகம் ஊத்தி அடைச்சிருக்கு. சேதமா?

பதில்: சேதம் இல்ல. அரைவட்டமா இருக்குறது கோசுகாங்குற சின்னக் கத்திக்கு, மூணு வளைவா இருக்குறது கோகாய்ங்குற முடி சீர் பண்ற ஊசிக்கு. உறைல அது இல்லாத வாளுக்கு மாத்தும்போது ஷாகுடோவோ ஈயமோ வச்சு அடைச்சுடுவாங்க. அடைப்பு பழசா இருந்தா எனக்கு சந்தோஷம்தான், போலி செய்றவன் பொதுவா அவ்வளவு சிரமப்பட மாட்டான். நடு ஓட்டையோட கூர்முனை மேல இருக்குற மாதிரி வச்சுப் பார்த்தா முன்பக்கத்துல (பிடி இருக்குற பக்கம்) கோசுகா ஓட்டை இடது, கோகாய் வலது. மாறி இருந்தா நீங்க பின்பக்கத்தைப் பார்க்கறீங்கன்னு அர்த்தம்.

கேள்வி: மியாமோட்டோ முசாஷியே செஞ்ச த்சுபான்னு சொல்றாங்க, கடல் அட்டை மாதிரி ரெண்டு பக்கமும் வெட்டு. சாத்தியமா?

பதில்: முசாஷிங்குற அந்தப் பேர் போன வாள்வீரர் 1645ல போய் சேர்ந்துட்டார். அவர் பேர்ல வழங்குற அந்த வடிவத்தை அதுக்கப்புறம் அத்தனை பேரும் செஞ்சிருக்காங்க, இன்னைக்கும் பயிற்சி வாளுக்கு ஃபேக்டரில வார்த்துத் தள்றாங்க. சாத்தியமில்லன்னே வச்சுக்கோங்க.

கேள்வி: அசல்னு சான்றுப் பத்திரம் இருக்கு சார், ஜப்பான் சங்கத்தோட முத்திரையோட. இனிமே கவலை இல்லாம வாங்கலாம்ல?

பதில்: எந்தப் பத்திரம், எந்த வருஷம், எந்த த்சுபாவுக்கு எழுதினது? மூணும் கேக்கணும். பெரிய பேர் என்.பி.டி.எச்.கே. ஜப்பான் கலை வாள்கள் பாதுகாப்புச் சங்கம், 1948ல ஆரம்பிச்சது, டோக்கியோல ரியோகோகு பக்கம் அவங்களோட வாள் அருங்காட்சியகம் இருக்கு. த்சுபாவையும் மத்த வாள் அணிகலன்களையும் நேர்ல வாங்கி குழுவா உட்கார்ந்து பார்த்து பத்திரம் தர்றாங்க. இதுல ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோன்னு நாலு படி. கீழ ரெண்டு படி சேகரிப்பாளர் லெவல், ஜூயோ வந்துட்டா அது வேற உலகம். கையெழுத்து போலின்னு அவங்களுக்குத் தோணினா பத்திரமே வராது. கையெழுத்து இல்லாததுக்கு ஓவாரி, கியோ-சுகாஷி, ஷோஆமின்னு எந்தக் கைவினை மரபைச் சேர்ந்ததுன்னு எழுதுவாங்க, "தென்"னு முன்னாடி போட்டிருந்தா கொஞ்சம் இடைவெளி விட்டு சொல்றாங்கன்னு புரிஞ்சுக்கோங்க.

இதுல ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன் ரெண்டும் 1982ல இருந்துதான். அதுக்கு முன்னாடி அந்த இடத்துல கிச்சோ, தொகுபெட்சு கிச்சோன்னு வேற பத்திரங்கள் இருந்துச்சு. பழைய பத்திரம்னா வெறும் காகிதம்னு நான் சொல்லல, ஆனா அதுல சிலது ரொம்பத் தாராளமா எழுதினதுங்குறது இந்த வட்டாரத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. பழைய பத்திரத்துல பெரிய பேர் இருந்து, புதுப் பத்திரம் எடுக்க விக்கிறவர் யோசிக்கிறார்னா ஏன்னு கேளுங்க. எடுத்துக் குடுங்க, வந்தா வாங்கிக்கிறேன்னு சொல்லிப் பாருங்க, பதில் வர்ற விதத்துலயே புரிஞ்சிடும்.

முக்கியமான விஷயம், பத்திரத்துல த்சுபாவோட போட்டோ ஒட்டி முத்திரை போட்டிருக்கும். அதையும் கைல இருக்குறதையும் பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க, டிசைனை இல்ல, தழும்புகளை. விளிம்புல இருக்குற ஒரு குழி, செகிகானேவோட கோணம், குத்துத் தடத்தோட எண்ணிக்கை. நல்ல த்சுபாவோட பத்திரத்தை அதே டிசைன்ல இருக்குற மட்டமானதுக்கு ஜோடி சேர்க்கிற ஆட்கள் இருக்காங்க. டிசைன் ஒண்ணா இருக்கும், தழும்பு ஒண்ணா இருக்காது. மூடிக்குள்ள இது இன்னார் செஞ்சதுன்னு ஏதோ பெரியவர் மையால எழுதின பெட்டிக்கும் இதே விதிதான். பெட்டி ஒரிஜினல், உள்ள இருக்குறது வேறங்குறது சகஜம். பத்திரம் விலைக்கு உத்தரவாதமும் கிடையாது, அவங்க விலை எதுவும் எழுதறதில்ல.

வெளிநாட்டுல இருந்துக்கிட்டு நீங்களே அனுப்பணும்னா ஜப்பான்ல ஒரு ஏஜென்ட் பிடிச்சு அவர் மூலமா குடுக்கறதுதான் சுலபம், கட்டணம் போக அவருக்கும் காசு, மாசக்கணக்குல காத்திருக்கணும். சாதாரண த்சுபாவுக்கு அந்தச் செலவு கட்டுப்படி ஆகாது, அதுக்கு நல்ல டீலர்கிட்ட பத்திரத்தோடயே வாங்கிடலாம்.

கேள்வி: தங்க வேலை பாதி உதிர்ந்து போச்சு, கீழ ஏதோ கட்டம் கட்டமா கோடு தெரியுது. திரும்ப தங்கம் ஏத்தலாமா?

பதில்: ஏத்தாதீங்க, அந்தக் கட்டம் கட்டமான கோடுதான் உங்ககிட்ட இருக்குற நல்ல செய்தி. நுனோமே ஸோகான்னு ஒரு முறை. இரும்பு மேல துணி நெசவு மாதிரி குறுக்கும் நெடுக்குமா நெருக்கமா உளிக்கோடு போட்டு, அந்தச் சொரசொரப்புல மெல்லிய தங்கத் தகட்டை வச்சு தட்டிக் கவ்வ வைக்கிறது. தேய்ஞ்சா முதல்ல மேடான இடத்துல தங்கம் போகும், கோடுகளோட பள்ளத்துல மட்டும் மினுக் மினுக்குன்னு மிச்சம் நிக்கும், லூப்ல பார்த்தா அவ்வளவு அழகா இருக்கும். எலக்ட்ரோபிளேட்டிங் பண்ணின போலில கீழ கோடே இருக்காது, தங்கம் தோல் மாதிரி உரியும், இல்லன்னா மூலை முடுக்கெல்லாம் ஒரே சீரா பரவி இருக்கும். நீங்க புதுசா தங்கம் ஏத்தினா இந்தச் சாட்சியை நீங்களே அழிச்ச மாதிரி ஆகிடும்.

கேள்வி: பித்தளை நிறத்துல செர்ரிப் பூ போட்ட த்சுபா, தாத்தா காலத்து யுத்தப் பொருள்னு ஒருத்தர் விக்கிறார். எடோ காலமா (1603–1868)?

பதில்: இல்ல, அது 1930-கள்ல வந்த ஜப்பான் ராணுவ அதிகாரி வாளோட த்சுபா மாதிரி தெரியுது. 1934ல ஒரு மாடலும் 1938ல இன்னொண்ணும் வந்துச்சு, ரெண்டுலயும் செர்ரிப் பூ உண்டு. அது ராணுவப் பொருள் சேகரிக்கிறவங்க ஏரியா, அதுலயும் போலி ஏராளம், அதுக்குத் தனி ஆட்களைக் கேளுங்க.

கேள்வி: டோக்கியோல வாங்கி கையோட எடுத்துட்டு வரலாமா? வாளுக்கு பதிவு, அனுமதி எல்லாம் வேணும்னு படிச்சேன், பயமா இருக்கு.

பதில்: அந்த விதிகள் அலகுக்குத்தான். ஜப்பான்ல அலகு ஒவ்வொண்ணுக்கும் மாகாணக் கல்வி வாரியம் தர்ற பதிவுச் சீட்டு இருக்கணும், நாட்டை விட்டு வெளிய போகணும்னா கலாசார அமைப்பு கிட்ட தனியா ஒப்புதல் வாங்கணும். த்சுபா தனியா இருந்தா ஆயுதம் இல்ல, பதிவு தேவையில்ல. அரசாங்கம் முக்கியக் கலாசாரச் சொத்து மாதிரி தனியா அறிவிச்ச பொருளை மட்டும் வெளிய கொண்டு போக முடியாது, அது உங்க பட்ஜெட்ல வராது, கவலை வேணாம். ரசீதுல வாள் அணிகலன், பழம்பொருள், சுமார் எந்தக் காலம்னு கடைக்காரர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க, 100 வருஷத்துக்கு மேல பழசானதுக்கு சுங்கத்துல தனி வகையே இருக்கு, வீட்டுப் பக்க கஸ்டம்ஸ்ல கேட்டா அது உதவும்.

கேள்வி: ஒரே டிசைன்ல பெருசு ஒண்ணு சிறுசு ஒண்ணு, டைஷோ ஜோடின்னு மூணு மடங்கு விலை சொல்றார். குடுக்கலாமா?

பதில்: டைஷோன்னா கட்டானாங்குற நீள வாளுக்கும் வாகிசாஷிங்குற குட்டை வாளுக்கும் சேர்த்து ஒரே ஆள் ஒரே நேரத்துல செஞ்ச ஜோடி. பெருசு பொதுவா குறுக்களவுல 7.5ல இருந்து 8 சென்டிமீட்டர் இருக்கும், சிறுசு அதை விட கொஞ்சம் கம்மி. நிஜ ஜோடி தனித்தனியா ரெண்டு வாங்குறதை விட நிறைய விலை போகும், அதனாலயே சேராததைச் சேர்த்து வைக்கிற வேலை நடக்குது. ரெண்டையும் ஒரே வெளிச்சத்துல வைங்க. உலோகத்தோட நிறம் ஒரே சாயலா? நானாகோ இருந்தா ஒரே அளவு மணியா, ஒரு சென்டிமீட்டர்ல எத்தனை வரிசைன்னு எண்ணிப் பாருங்க. கையெழுத்துல ஒரே எழுத்தை ஒரே விதமா முடிச்சிருக்காரா? பூவோ பறவையோ அச்சடிச்ச மாதிரி ரெண்டுலயும் ஒண்ணா இருந்தா சந்தேகப்படுங்க, நல்ல கைவினைஞர் சின்னதுல டிசைனைச் சுருக்க மாட்டார், இடத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி அமைப்பார். ஒண்ணு ரொம்ப தேய்ஞ்சு இன்னொண்ணு புதுசா இருந்தா அது மட்டும் வச்சு தள்ளிடாதீங்க, ரெண்டும் வேற வேற கைக்குப் போய் திரும்ப சேர்ந்திருக்கலாம். இதெல்லாம் பாஸானா பேரம் பேசி வாங்குங்க. ஒண்ணு இடிச்சாலும் நல்லா இருக்குறதை மட்டும் தனியா விலை கேளுங்க, பெரும்பாலும் குடுத்துடுவார்.